தஞ்சாவூர் அரண்மனையும் எங்கள் வீட்டுப் பெண் பார்க்கும் படலமும்

தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்ப்பார்கள், தலையாட்டி பொம்மை ஒன்று வாங்குவார்கள், கும்பகோணத்துக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். கோயிலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஓர் அரண்மனை இருப்பதைச் சொன்னால், "அங்க என்ன இருக்கு, பழைய கட்டடம்தானே" என்பார்கள். நீடாமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டுப் பதினேழு வருடமாக நானும் அதே கட்சியில்தான் இருந்தேன். ஊர் ஊராகச் சுற்றி எழுதுகிறவள், பக்கத்து அரண்மனைக்குள் காலே வைத்ததில்லை. பொங்கல் கழிந்து இரண்டாவது சனிக்கிழமை அங்கே போனதற்கும் வரலாற்று ஆர்வம் காரணமல்ல. என் தங்கை ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்லாவுக்கு முப்பத்து நான்கு வயது. அம்மாபேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நாங்கள் இரண்டே பெண்கள். அப்பா இறந்தபிறகு அம்மா ஸ்டெல்லாவோடுதான் வாடகை வீட்டில் இருக்கிறார். இதற்குமுன் மூன்று வரன்கள் வீட்டுக்கே வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், காபி குடித்தார்கள், "வீட்டுக்குப் போய்த் தகவல் சொல்றோம்" என்றார்கள். மூன்று பேருக்கும் வீட்டுக்குப் போகிற வழி மறந்துவிட்டது போலிருக்கிறது. இன்றுவரை தகவல் இல்லை.

காரணம் எங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகும் அம்மா தன்னோடுதான் இருப்பார் என்று ஸ்டெல்லா முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவாள். பெண்ணோடு மாமியாரையும் சேர்த்து அழைத்துப் போக எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? உன் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. எங்களுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டு அறை. அதில் மாமனார், மாமியார், இரண்டு பையன்கள். அப்படியும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அம்மா ஒரு ராத்திரிக்கு மேல் தங்க மாட்டார். "மாப்ள எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி பாத்ரூம் போயிட்டு வந்துடணும்னு முழிச்சுக்கிட்டே படுத்திருக்கேன்டி" என்று ஒருமுறை சொன்னார். எலி வளையானாலும் தனி வளை என்பது அம்மாவின் கட்சி.

மூன்றாவது வரனும் வாயைத் திறக்காமல் போனபிறகு ஸ்டெல்லா கறாராகச் சொல்லிவிட்டாள். "இனிமே என் வீட்டுக்கு வந்து யாரும் என்னைப் பாக்கக் கூடாதுக்கா. கேசரி கிண்டிக் கிண்டி அம்மாவுக்குத் தோள்பட்டை போச்சு. நாலு பேர் நடமாடற பொது எடமா இருந்தா வர்றேன்." இந்துக் குடும்பங்களுக்கு இதற்குக் கோயில் இருக்கிறது. சாமி கும்பிட வந்த மாதிரி வந்து பார்த்துவிட்டுப் போகலாம். நாங்கள் மாதா கோயிலில் வைத்தால் பூசை முடிவதற்குள் சொந்தபந்தம் அத்தனைக்கும் செய்தி போய்விடும். சினிமா தியேட்டரில் முகம் தெரியாது. துணிக்கடையில் உட்கார இடமில்லை. அரண்மனையில் யாருக்கு நம்மைத் தெரியப்போகிறது என்று யோசனை சொன்னது நான்தான். அதை இப்போதும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

காலை 8.10க்கு நீடாமங்கலத்தில் பஸ் ஏறினேன். தஞ்சாவூர் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், டிக்கெட் முப்பது ரூபாய். அம்மாபேட்டையில் அம்மாவும் ஸ்டெல்லாவும் ஏறிக்கொண்டார்கள். சம்பா அறுப்பு நேரம். வழி நெடுக அறுவடை இயந்திரங்கள் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தன, மீதிச் சாலையில் நெல் காய்ந்தது. கொள்முதல் நிலையங்களின் வாசலில் மூட்டைகள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வரிசையில் காத்திருந்தன. ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. இந்த மாதத்தில் வருகிறவர்கள் அரை மணி நேரம் கூடுதலாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் வந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து அரண்மனை நடக்கும் தூரம்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் ஆட்டோ வைத்தோம், எண்பது ரூபாய். ஸ்டெல்லா பச்சைப் பட்டுச் சேலையும் இரண்டு முழம் மல்லிகையுமாக இருந்தாள். டிரைவர் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார்.

"பொண்ணு பாக்கறதுக்குங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதெல்லாம் இல்லீங்க, சும்மா சுத்திப் பாக்க."

"சுத்திப் பாக்க வர்றவங்க பட்டுல வர மாட்டாங்கம்மா. சனி ஞாயிறுல ரெண்டு மூணு குடும்பம் இப்படித்தான் வருது. நல்லபடியா முடியட்டும்" என்றார். என் அபார யோசனை ஊருக்கே தெரிந்த யோசனை என்பது அப்போதுதான் விளங்கியது. ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் மல்லிகை ஒரு பக்கம் சரிந்துவிட்டது.

வாசலில் மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்கு முன்பே வந்து நின்றார்கள். சேவியருக்கு முப்பத்தெட்டு வயது. பட்டுக்கோட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கூட வந்தது அவருடைய அம்மா லூர்தம்மாள் மட்டும். கணவர் இல்லை, மகனோடுதான் இருக்கிறார். ஐம்பது கிலோமீட்டர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டே வணக்கம் சொன்னார். "மதியத்துக்குள்ள கெளம்பிடுவோம்ங்க. பாத்துட்டுப் போறதுதான், சாப்பாட்டுக்கெல்லாம் நிக்க மாட்டோம்" என்று முதலிலேயே எல்லையும் போட்டுவிட்டார்.

இனி அரண்மனைக்கு வருவோம். உள்ளே நுழைந்ததும் முதலில் ஏமாற்றமாக இருக்கும். நீங்கள் மைசூரை மனதில் வைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். இங்கே வரவேற்பது ஒரு பெரிய முற்றம், அதைச் சுற்றி நிறம் மங்கிய சுவர்கள், இன்றும் வேலை நடக்கிற அலுவலகங்கள், நிழலில் நிறுத்திய இரண்டு சக்கர வண்டிகள். இது ஒருவர் ஒரே மூச்சில் கட்டிய மாளிகை அல்ல. பதினாறாம் நூற்றாண்டில் நாயக்க மன்னர்கள் ஆரம்பித்தார்கள். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மராட்டியர் கைக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவர்கள் இடித்தும் சேர்த்தும் மாற்றியும் கட்டிக்கொண்டே இருந்தார்கள். நம் ஊரில் மகனுக்குக் கல்யாணம் என்றால் பின்னால் ஒரு கட்டு இழுத்துக் கட்டுவார்களே, அந்த மாதிரி வளர்ந்த வீடு. அப்படி நினைத்துக்கொண்டு பார்த்தால் பிடிபடும். ஒரு முற்றத்திலிருந்து இன்னொரு முற்றம், அதிலிருந்து ஒரு சந்து, சந்து முடிகிற இடத்தில் எதிர்பாராமல் ஒரு கோபுரம்.

முதலில் மராட்டியர் தர்பார் மண்டபம். திறந்த வெளிக்கு எதிரே உயரமான மேடை, வரிசையாக வண்ணம் பூசிய பருத்த தூண்கள், வளைவுகளின் விளிம்பெல்லாம் சுதை வேலை. பின்சுவரில் தெய்வ உருவங்கள் சிவப்பும் பச்சையும் பொன்னுமாக. தூண்களைப் பார்த்தால் கல் என்றுதான் தோன்றும். தட்டிப் பார்க்காதீர்கள், காவலர் விசில் ஊதுவார், எனக்கு ஊதினார். உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்புச் சாந்து. கோயிலுக்குக் கல், மனிதர் குடியிருக்கச் செங்கல் என்பது அந்தக் காலத்து ஏற்பாடு. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருக்க, மேடையின் ஓரம் மட்டும் சில்லென்று இருந்தது.

மராட்டியர் இங்கே வந்த கதையை ஒரு வரியில் சொல்வதென்றால், நாயக்கர் சண்டையைத் தீர்த்துவைக்க வந்த படைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போன கதை அதைவிடக் கசப்பு. கடைசி மன்னர் இறந்தபோது அவருக்கு மகன் இல்லை, மகள்கள் இருந்தார்கள். ஆண் வாரிசு இல்லாத நாடு எங்களுக்கு என்று கிழக்கிந்தியக் கும்பினியார் எடுத்துக்கொண்டார்கள். அரண்மனையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். ராணி வழக்குப் போட்டார், சொத்தில் கொஞ்சம் திரும்ப வந்தது, நாடு வரவில்லை. முதல் நாள் படித்து வைத்திருந்ததையெல்லாம் நான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அம்மா இதைக் கேட்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ராஜா வீட்டுலயே பொண்ணு கணக்குல வரலையா? நம்மளையெல்லாம் யாரு கேக்கப் போறா" என்றார்.

லூர்தம்மாள் தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

அடுத்து ஆயுதக் கோபுரம். பெயர்தான் அப்படி, பார்வைக்குக் கோயில் விமானம்தான். அடுக்கடுக்காகக் குறுகிக்கொண்டே மேலே போகிறது, தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள். உள்ளே சாமி இல்லை. ஆயுதம் வைக்கவும், எதிரி வருகிறானா என்று பார்க்கவும் கட்டியது. நாயக்கர் கட்டிய கோபுரம் கோயிலைப் பார்த்துப் படித்தது என்றால், கொஞ்ச தூரத்தில் நிற்கும் மணிக்கோபுரம் வேறு பள்ளியில் படித்தது. ஜன்னல் மேல் ஜன்னலாக, வளைவு மேல் வளைவாக, எல்லாம் காற்றுக்குத் திறந்தே கிடக்கிறது. இரண்டையும் ஒரே முற்றத்திலிருந்து பார்க்கலாம் என்பதுதான் இந்த அரண்மனையின் விசேஷம். கூரான வளைவு, கோயில் சுதை, வெள்ளைக்கார ஜன்னல், மராட்டிய மரவேலை எல்லாம் சண்டை போடாமல் சேர்ந்து நிற்கின்றன.

கோபுரப் படிகள் குறுகலானவை, இருட்டு வேறு. அம்மாவும் லூர்தம்மாளும் கீழே நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். நாங்கள் மூன்று பேர் ஏறினோம். நான் வேண்டுமென்றே முன்னால் போய்விட்டேன். இந்த வேலைக்கென்றே பிறந்த படிக்கட்டு அது. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும், முகம் பார்க்க வேண்டியதில்லை, பேச்சு மட்டும் கேட்கும். நான் ஒட்டுக்கேட்கவில்லை. கேட்டது.

"நீங்க முன்னால போங்க" என்றாள் ஸ்டெல்லா.

"இல்லைங்க, நீங்க போங்க. எனக்கு ஒசரம்னா கொஞ்சம் பயம்."

"அப்ப ஏன் ஏறுறீங்க?"

"நீங்க ஏறுறீங்களே."

நாங்கள் போன அன்று மூன்றாம் தளம் வரை விட்டார்கள். மேலே புறாக்கள், காற்று, ஒரு பக்கம் பெரிய கோயில் விமானம், சுற்றிலும் ஓட்டுக் கூரையும் தகரமும் மொட்டை மாடியுமாக ஊர். எல்லாவற்றுக்கும் அப்பால் தென்னந்தோப்புகள் வட்டமாக நிற்க, அதற்குப் பின்னால் வயல். சேவியர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார், விளிம்புக்கு வரவேயில்லை. ஸ்டெல்லா விளிம்பில் நின்றுகொண்டு அவரோடு மெதுவாக ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். நான் கீழே எட்டிப் பார்த்தேன். அம்மாவும் லூர்தம்மாளும் தலையோடு தலை சாய்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாதான் அதிகம் பேசினார். பரவாயில்லையே, ஒட்டிக்கொண்டுவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன்.

இறங்கும்போது ஸ்டெல்லா என் காதருகே வந்தாள். "அம்மா விஷயத்தைச் சொல்லிட்டேன்க்கா."

"என்ன சொன்னார்?"

"யோசிக்கணும்னார். இதுவரைக்கும் வந்தவங்க எல்லாரும் ஒடனே அதுக்கென்னங்கன்னுதான் சொன்னாங்க. யோசிக்கணும்னு சொன்ன மொத ஆள் இவர்தான்." அவள் குரலில் ஒரு பயம் இருந்தது. வேண்டாம் என்று நினைத்த இடத்தில் வராத பயம் அது.

நாயக்கர் தர்பார் மண்டபம் இப்போது கலைக்கூடம். சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்காகவே தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பருத்த தூண்கள், தலைக்குமேல் வளைந்து வளைந்து போகும் கூரை, அந்தக் கூரையின் கீழே மண்ணிலிருந்து தோண்டியெடுத்த தெய்வங்கள். காளை வாகனர் ஒருவர் இருக்கிறார். காளைமேல் கையை ஊன்றி ஒயிலாக நிற்க வேண்டியவர், காளை மட்டும் இல்லை. லூர்தம்மாள் அவரை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, "மாடு எங்கங்க, மேய்ச்சலுக்குப் போயிடுச்சா?" என்றார். கல்யாண சுந்தரர் முன்னால் எல்லோரும் நெடுநேரம் நின்றோம். சிவன் பார்வதியின் கையைப் பிடித்திருக்கிறார், பார்வதி தலை நிமிரவில்லை. "இவங்களும் வீட்டுக்குப் போய்த் தகவல் சொல்றோம்னு சொன்னவங்களைப் பாத்திருப்பாங்க போல" என்றாள் ஸ்டெல்லா. சேவியர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, பிறகு சிரித்தது சரியா என்று தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

அதே வளாகத்தில் ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. தரங்கம்பாடிப் பக்கம் கரை ஒதுங்கியதாம். அரண்மனைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், யாருக்கும் தெரியவில்லை. நூலகத்தின் காட்சிக்கூடத்தில் ஓலைச்சுவடிகளும் மராட்டியர் காலத்துப் படங்களும் உண்டு. சங்கீத மகாலில் ஒரு முனையில் கிசுகிசுத்தால் மறுமுனையில் கேட்கும் என்று சொல்வார்கள். நான் கிசுகிசுத்துப் பார்த்தேன், கைவினைப் பொருள் கடைக்காரர் மட்டும் திரும்பிப் பார்த்தார்.

இந்த இடத்தில் செல்வோருக்கான குறிப்புகளை எழுதிவிடுகிறேன். வழக்கமாகக் கடைசியில்தான் எழுதுவேன். இந்த முறை கடைசியில் போட்டால் கதை முடிந்ததும் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். காலை ஒன்பதரை, பத்து மணிக்கு உள்ளே நுழைந்துவிடுங்கள், முற்றங்களில் நண்பகல் வெயில் கொடுமை. தர்பாருக்கும் கலைக்கூடத்துக்கும் தனித்தனி டிக்கெட், கேமராவுக்கும் தனி. கட்டணம் மாறிக்கொண்டே இருப்பதால் கவுண்டர் பலகையைப் பார்த்து வாங்குங்கள். நாங்கள் ஐந்து பேரும் எல்லாமாகச் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடித்தோம். கோபுரம் ஏறத் திறந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள், சில நாள் மூடிவிடுகிறார்கள். முழங்கால் வலிக்காரர்களைத் தர்பாரோடு நிறுத்துங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும். இரண்டு மணி நேரம் போதும் என்று பலர் சொல்வார்கள், மூன்றரை மணி நேரம் வேண்டும். மிக முக்கியமானது, பசிக்கிறவர்களை அழைத்துக்கொண்டு போனால் நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள்.

நான் வரவில்லை. வெளியே வந்தபோது மணி ஒன்றே முக்கால். லூர்தம்மாளுக்குச் சர்க்கரை. காலையில் ஆறு மணிக்கு இரண்டு தோசை சாப்பிட்டு வந்தவர், முகம் வாடிப்போயிருந்தார். கீழ ராஜவீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மெஸ். "ஒரு டீ மட்டும் குடிச்சிட்டுக் கெளம்பறோம்" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்தார். உள்ளே டீ கிடையாது, சாப்பாடு மட்டும்தான். ஒன்று நூற்றுப் பத்து ரூபாய், நான் ஐந்து டோக்கன் வாங்கிவிட்டேன். வாங்கினால் அவர்கள் சாப்பிட வேண்டும் என்றில்லை, மரியாதைக்கு வாங்கினேன்.

இளைய வாசகர்களுக்கு ஒரு விளக்கம். பெண் பார்க்க வருகிறவர்கள் பலகாரம் தின்னலாம், காபி குடிக்கலாம், பெண் வீட்டுச் சோற்றை மட்டும் தொட மாட்டார்கள். சம்பந்தம் முடிவானபிறகுதான் சாப்பாடு. அதைக் கை நனைப்பது என்போம். கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம், பிறகு பின்வாங்கினால் ஊர் காறித் துப்பும். லூர்தம்மாள் காலையிலேயே எல்லை போட்டது அதற்குத்தான்.

பரிமாறுகிறவருக்கு இதெல்லாம் தெரியுமா? ஐந்து இலை போட்டார், ஐந்திலும் சாதம் வைத்தார், சாம்பார் ஊற்றிக்கொண்டே போனார். லூர்தம்மாள் அந்த நேரம் பார்த்து அரண்மனையைப் பற்றி அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "அம்மாம் பெரிய வீட்டுல அடுப்படி எங்கன்னே காட்டலையே. அத்தனை ராணிக்கும் யாரு பொங்கிப் போட்டா?" என்று கேட்டுக்கொண்டே சாதத்தைப் பிசைந்தார். ஒரு வாய் போட்டார். "உப்பு கம்மி" என்றார். இரண்டாவது வாயும் போட்டார். நாங்கள் நான்கு பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அம்மா" என்றார் சேவியர் மெதுவாக. "கை நனைச்சிட்டே."

லூர்தம்மாள் தன் கையைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். மென்று முடித்து விழுங்கினார். "பசியில புத்தி வேலை செய்யலை" என்றவர், கொஞ்சம் நிதானித்துச் சிரித்தார். "நல்லதாப் போச்சு, விடு. எனக்கு மனசுக்குப் புடிச்சுத்தான் இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் உறுத்திக்கிட்டிருந்துச்சு, அதையும் அவங்க அம்மாவே காலைல தீத்துட்டாங்க. கல்யாணம் முடிஞ்சதும் பெரிய பொண்ணு வீட்டோட போயிடறேன்னு சொல்லிட்டாங்களே."

நான்தான் அந்தப் பெரிய பெண். எனக்கு இது செய்தி. கோபுரத்திலிருந்து நான் பார்த்து மகிழ்ந்த பேச்சு இதுதான் என்று புரிந்ததும் அம்மாமேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. என் வீட்டுக்கு வரமாட்டார். தனியாக, அந்த வாடகை வீட்டில், ஒரு டம்ளர் அரிசி பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டு இருந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு இலை ஓரத்தை நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா அதுவரை இலையைத் தொடவில்லை. "அப்படியா சொன்னே?" என்று அம்மாவிடம் கேட்டாள். அவள் லூர்தம்மாள் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரல்தான்.

"எங்க அம்மா என்கூடத்தாங்க இருப்பாங்க. அவங்க சொன்னது எனக்காகச் சொன்ன பொய். அது உங்களுக்குச் சரிப்படலேன்னா நீங்க தெரியாம கை நனைச்சதை நான் கணக்குல எடுத்துக்க மாட்டேன். வெளியிலயும் யார்கிட்டயும் பேச மாட்டோம். நிம்மதியா சாப்பிட்டு எழுந்திரிங்க."

பக்கத்து மேசையில் யாரோ மோர் கேட்டார்கள். லூர்தம்மாள் மகனைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்மா, மேலயே சொன்னாங்க" என்றார் சேவியர். "யோசிச்சுக்கிட்டேதான் எறங்கினேன். எனக்குச் சரி. ஆனா நான் காலைல கடைக்குப் போயிடுவேன், பகல் பூரா வீட்டுல இருக்கப் போறது நீதான். நீதான் சொல்லணும்."

"ரெண்டு சம்மந்தி ஒரே அடுப்புல நின்னா ஊரு சிரிக்கும்டா."

"அதுக்குத்தாங்க நான் அப்படிச் சொன்னேன்" என்றார் அம்மா. அன்று மதியம் அவர் பேசிய முதல் வாக்கியம் அது. ஸ்டெல்லா அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

லூர்தம்மாளின் கை சோற்றில் அப்படியே இருந்தது. எழுந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். எழுந்து போனால் திரும்பும் பஸ்ஸில் அம்மாவை எப்படித் தேற்றிக்கொண்டு போவது என்றுகூட மனசு ஓட ஆரம்பித்துவிட்டது.

"இவன் கடையைத் தொறக்கப் போயிட்டா ராத்திரி வரைக்கும் நான் டிவியோடதான் பேசிக்கிட்டிருக்கேன்" என்றார் லூர்தம்மாள், யாரையும் பார்க்காமல். "சிரிக்கறவன் எவனாவது வந்து எனக்குப் பேச்சுத் துணைக்கு ஒக்காருவானா?" பிறகு நிமிர்ந்து, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். "தம்பி, இங்க ரசம் ஊத்துங்க."

ரசம் வந்தது. குழையப் பிசைந்துகொண்டே அம்மாவைக் கேட்டார். "எனக்குச் சுகருங்க. எங்க வீட்டுல தினம் ராத்திரி சப்பாத்திதான். நீங்க சாப்பிடுவீங்களா?"

"கொடுக்கறதைச் சாப்பிடுவேங்க" என்றார் அம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி.

"அப்படிச் சொல்லக் கூடாது. அது ஒங்க பொண்ணு வீடு. புடிச்சதைச் சொல்லுங்க."

அம்மா என்னைப் பார்த்தார், ஸ்டெல்லாவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். "இட்லி" என்றார்.

"சரி, இட்லி" என்றார் லூர்தம்மாள். ஸ்டெல்லா அப்போதுதான் சாதத்தில் கை வைத்தாள்.